பாழாகக் கிடக்கும் நகர்ப்புற இடத்துக்கு உயிர் கொடுக்கும் வடிவமைப்புப் போட்டியில் குழுவாகக் கலந்துகொண்ட அனுபவம் உண்டா? கட்டிடக் கலை படிக்காதவர்களுக்கு அதில் என்ன வேலை?

உண்டு. பரிசு வாங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு ஏமாறாதீர்கள்.

நான் கட்டிடக் கலை படித்தவள் இல்லை. சிவில் டிப்ளமோ. ஒரு சின்ன அலுவலகத்தில் ஆட்டோகேடில் வீட்டு பிளான் போடுகிறேன். வீடு வட சென்னையில், வியாசர்பாடி. பத்தாவது வரை என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஆர்க்கிடெக்சர் முடித்து, இப்போது அடையாறு பக்கம் வேலையில் இருக்கிறாள். அவள்தான் ஒருநாள் போன் செய்தாள். "ஒரு போட்டி வந்திருக்குடி. ஊருக்குள்ள கேட்பாரில்லாம கிடக்கிற இடம் ஒண்ண எடுத்து டிசைன் பண்ணணும். உங்க வீட்டுப் பக்கம் அந்தப் பாலத்தடி இருக்கே, அதை எடுக்கலாமா?"

ஒரு குழுவுக்கு நாலு பேர். அதில் ஒருவராவது வடிவமைப்புத் துறைக்கு வெளியே இருந்து வர வேண்டும். இரண்டு ஏ1 ஷீட், ஐந்நூறு வார்த்தையில் ஒரு விளக்கக் குறிப்பு. ஷீட்டில் யார் பெயரும் வரக்கூடாது, பதிவு எண் மட்டும். நாங்கள் இரண்டு பேர். மூன்றாவதாக எங்கள் தெரு கேரம் மாஸ்டரைச் சேர்த்தோம். நாலாவது, எங்கள் ஏரியா எலக்ட்ரீஷியன் அண்ணன். படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தைப் பார்த்து மாஸ்டர் சிரித்தார். "ஏழாங்கிளாஸ்னு போடும்மா, இன்னா இப்போ?" அப்படியே போட்டோம்.

பாலத்தடியை என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும் என்று நினைத்திருந்தேன். ஆறு வயதிலிருந்து அதன் வழியாகத்தான் போகிறேன், வருகிறேன். ஒரு பக்கம் கம்பி வேலி, அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. சக்கரம் இல்லாத வண்டிகள். தூணெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மூத்திர நாற்றம். அவ்வளவுதான் என் மனதில் இருந்த படம்.

தோழி முதல் வாரத்திலேயே ஒரு டிசைன் கொண்டுவந்துவிட்டாள். தூண் முழுக்கச் செடி, மூங்கில் பந்தல், காபி கடை, சுவரில் பெரிய முகம் ஒன்று. படத்தில் நடமாடிய ஆட்களெல்லாம் வெள்ளைக்காரர்கள், ஒருத்தர் கையில் நாய்ச் சங்கிலி வேறு. (இந்த ஆட்கள் இணையத்தில் வெட்டி ஒட்டக் கிடைப்பவர்கள். பிற்பாடு எங்கள் ஆட்களை நாங்களே படம் பிடித்து வெட்டி ஒட்டினோம். மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை மட்டும் வெட்ட எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போனது.) நான் ஒன்றுதான் கேட்டேன்: "பாலத்துக்கு அடியில மழையே விழாது. செடிக்கு யாருடி தண்ணி ஊத்துவா? இங்க குடிக்கிற தண்ணிக்கே குடம் வரிசையில நிக்குது."

விளக்கக் குறிப்பின் முதல் வரி இன்னும் மோசம். 'இப்பகுதியில் பொதுவெளியைப் பயன்படுத்தும் பழக்கம் குறைவு' என்று எழுதியிருந்தாள். மாஸ்டர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் அப்பா பி அண்ட் சி துணி மில்லில் இருந்தவர். 1996இல் மில் மூடியபோது வீட்டில் இருந்த ஒரே பொழுதுபோக்கு கேரம் போர்டு என்பார். "யம்மா, 1949இல கொட்டற மழையில ராயபுரம் ராபின்சன் பார்க்குல ஜனம் கூடி ஒரு கட்சியவே ஆரம்பிச்ச ஊரு இது. பொது இடம் எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதறியே." தி.மு.க. தொடங்கியதைத்தான் சொன்னார். வரியை அடித்துவிட்டோம்.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தோம். மூன்று நாள், விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை, முறை வைத்து உட்கார்ந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு மீன்காரம்மாக்கள் காலிக் கூடையோடு வந்து நிற்பார்கள், காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போக வண்டி பிடிக்க. ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே ஓடும். பதினோரு மணிக்கு மேல் மூட்டை தூக்குகிறவர்கள் துண்டை விரித்துப் படுப்பார்கள், நகரத்திலேயே அந்நேரம் நிழலும் கடல்காற்றும் ஓசியில் கிடைக்கிற இடம் அது. சாயங்காலம் கேரம். எட்டு மணிக்கு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை, கூடவே வாழைத்தண்டு சூப். பதினொன்றுக்குக் கடை எடுத்ததும் அதே இடத்தில் ஒரு குடும்பம் பாய் விரிக்கும். கேட்பாரற்ற இடம் என்று போட்டிக்காரர்கள் சொன்னதை நாங்களும் நம்பித்தான் போனோம். அங்கே ஷிஃப்ட் போட்டு ஆள் இருந்தது.

படிக்காதவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் ஓர் இடைவெளி இருக்கும், வெயிலில் கான்கிரீட் விரிய, குளிரில் சுருங்க. மேலே வண்டி ஏறும்போது தடக்கென்று சத்தம் வருவது அங்கேதான். மழை பெய்தால் தண்ணீர் சொட்டுவதும் அங்கேதான். என் வரைபடத்தில் அது ஒரு கோடு. மாஸ்டருக்கோ அது இருபது வருடச் சண்டை. ஒட்டுப்பலகை போர்டு ஒரு சொட்டு பட்டாலும் உப்பிவிடும், போரிக் பவுடர் கட்டி தட்டிவிடும். மழை நின்று எத்தனை நாள் வரை எந்த இணைப்பு சொட்டும் என்று தூண் தூணாகச் சொன்னார். அவர் கை காட்டிய இடங்களில் வட்டம் போட்டேன். போர்டு வைக்கும் மேடைகளை அந்த வட்டங்களுக்கு வெளியே தள்ளினோம். எந்த சர்வே கருவியிலும் இது வராது.

விளக்கு விஷயம் அண்ணனுடையது. தோழி தூணிலிருந்து மேல்நோக்கி நீல ஒளி பாய்ச்சியிருந்தாள், ராத்திரிப் படத்தில் அழகாகத்தான் இருந்தது. கேரம் போர்டில் ஆட்டக்களம் 74 சென்டிமீட்டர் சதுரம். நேர் மேலே, தாழ்வாக, மறைப்பு போட்ட பல்பு தொங்காவிட்டால் காயின் நிழல் கையோடு சேர்ந்துவிடும். சுண்டவே முடியாது. "வெளிச்சம் மேல போனா பாலத்துக்கு நல்லா தெரியும், நமக்குத் தெரியாது" என்றார் அண்ணன். தூணில் துளை போடக்கூடாது, பாலம் தாங்கிகளைப் பரிசோதிக்க ஏணி வைக்கும் இடத்தை மறைக்கக்கூடாது என்பவை நான் சேர்த்தவை. நடுவில் வண்டிப் பாதை போகும் இடத்தில் ஐந்தரை மீட்டர் உயரம் விட்டே பாலம் கட்டுவார்கள். சரிவை நோக்கிப் போகப் போகத் தலை இடிக்கும் உயரத்துக்கு வந்துவிடும். அந்தத் தாழ்ந்த மூலைதான் நாற்றம் பிடித்த மூலை. அதைச் சாமான் வைக்கிற பூட்டு அறையாகவும் பக்கத்தில் கழிப்பறையாகவும் போட்டோம்.

கேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வட சென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தச் செய்தியை மாஸ்டர் இன்னமும் போனில் வைத்திருக்கிறார்.

காசிமா பெயரை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாள் குறிப்பேட்டைப் புரட்டினேன். நிற்கிற பெண்கள் உண்டு, நடக்கிற பெண்கள் உண்டு. விற்கிறவர்கள், ராத்திரி படுக்கிற குடும்பத்து அம்மா, எல்லாரும் உண்டு. சும்மா உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தியும் இல்லை. கேரம் ஆடியதில் ஒருத்தியும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக அதன் வழியாக நடக்கிற நானே ஒருநாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை. உட்காரவில்லை என்பதைக்கூடக் கவனித்ததில்லை.

உட்கார இடம் இல்லை, அதனால் உட்காரவில்லை என்று முடிவு கட்டி, தூணைச் சுற்றிப் 'ப' வடிவத்தில் திண்ணை போட்டோம். எனக்குப் பெருமையாக இருந்தது. முதுகுக்குத் தூண், மூன்று பக்கம் பாதுகாப்பு.

அதை நிஜ அளவில் தரையில் போட்டுப் பார்க்கலாம் என்றேன். சுண்ணக்கட்டி தேய்ந்துவிடும் என்று அம்மாதான் கோலமாவு கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, டேப்பைப் பிடித்து, பிளானை அப்படியே கோலமாவில் இழுத்தோம். திண்ணை, மேடை, குழாயடி, எல்லாம். வெளிச்சம் வந்ததும் ஆள் கூடிவிட்டது. பிள்ளைகள் மேடைக் கட்டங்களைப் பார்த்ததும் பாண்டி ஆட ஆரம்பித்துவிட்டார்கள், சில்லு எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. தோழி அப்போது ஆம்ஸ்டர்டாம் கதை சொன்னாள். போருக்குப் பிறகு அங்கே காலி மனைகளிலும் தெருமுனைகளிலும் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டிடக் கலைஞர் சின்னச் சின்ன விளையாட்டிடங்கள் செய்தாராம். 1947இல் ஒன்று, 1978க்குள் எழுநூறுக்கு மேல். மணல் தொட்டி, இரும்பு வளைவு, தாண்டிக் குதிக்கக் கல், அவ்வளவுதான். "அது மாதிரி எளிமையா போயிடலாம்டி" என்றாள். தூண் முழுக்கச் செடி என்ற யோசனையை அவளாகவே விட்டது அந்தக் காலையில்தான்.

ஏழு மணிக்குக் காசிமேட்டிலிருந்து கூடை நிறையத் திரும்பிய மீன்காரம்மா ஒருத்தர் எங்கள் திண்ணைக்குள் வந்து நின்றார். சுற்றிப் பார்த்தார்.

"இது இன்னா கண்ணு?"

"உக்கார்ற எடம்மா. பொம்பளைங்க உக்காரட்டும்னு."

"எங்களுக்கு உக்கார எடம் இல்லன்னா உக்காரல? ஒருத்தன் வந்து இந்த வாசல்ல நின்னுக்கினான்னா நான் எப்டி எழுந்து போறது? அத்த சொல்லு மொதல்ல."

சொல்லிவிட்டு, கூடையை இறக்காமலே, 'ப'வின் அடிக்கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார். "இங்க தொற. அப்பால, அத்தோ கடை வெளிச்சம் வுழற பக்கம் திருப்பு. அவன் கடைல நாலு பேரு எப்பவும் நிப்பான். சத்தம் போட்டா கேக்கும்." குழாயடியை அவர் நகர்த்தியது தனிக்கதை. கூடை கழுவுகிற தண்ணீர் உட்காருகிற இடத்துக்கு ஓடும்படி வைத்திருந்தேன், சிவில் படித்த நான்.

ஒற்றைத் திண்ணை இரண்டு துண்டானது. எந்த இருக்கையிலிருந்தும் இரண்டு பக்கம் எழுந்து போகலாம். அதையே மொத்த டிசைனுக்கும் விதியாக வைத்தோம்: வழி இரண்டு இல்லாத இடம் எதையும் வரையக்கூடாது. கம்பி வேலி போனது அதனால்தான். தோழி அதற்கு மட்டும் கடைசிவரை சண்டை போட்டாள். மும்பை மாட்டுங்காவில் 2016இல் மேம்பாலத்தடியில் பூங்கா திறந்தார்களே, நர்மதை ஆற்றின் போக்கில் வளைந்து போகும் நடைபாதையோடு, அது வேலியும் நேரக்கட்டுப்பாடும் இருப்பதால்தான் சுத்தமாக இருக்கிறது என்பாள். அவள் சொல்வது பொய்யில்லை. ஆனால் மூன்று மணிக்கு வருகிற மீன்காரம்மாவுக்கு எந்தப் பூங்கா திறந்திருக்கும்?

இருக்கை நடுவில் கைப்பிடிக் கம்பி வைத்திருந்ததைப் பார்த்து அண்ணன், "இது எதுக்கு?" என்றார். யாரும் படுக்காமல் இருக்க என்று தோழி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்போ அந்தக் குடும்பம்?" என்றார். கம்பியும் போனது.

முதல் ஷீட்டில் வழக்கமான பிளானுக்குப் பதிலாக ஒரே இடத்தின் ஆறு வேளைப் படங்கள். இரண்டாவதில் கோலமாவு பிளானை மேலே மாடியிலிருந்து எடுத்த போட்டோ, அழித்த கோடுகளோடு. அனுப்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது, போட்டோவில் மாஸ்டர் போட்டிருந்த பனியனில் அவர் கிளப் பெயர் தெளிவாகத் தெரிவதைக் கண்டுபிடித்தோம். பெயர் தெரிந்தால் தகுதி நீக்கம். பனியனுக்கு வெள்ளை பூசினேன். படத்தில் அவர் மேல்சட்டையில் இன்றைக்கும் ஒரு பேய் வெளிச்சம் இருக்கும்.

இறுதிப் பட்டியல் வரை போனோம், அதோடு சரி. நடுவர்கள் அனுப்பிய குறிப்பில் இரண்டு வரி. 'கள ஆய்வு சிறப்பு. இரவு நேரப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் திட்டம் இல்லை.' தோழிக்கு அழுகை வந்தது. எனக்கு வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் இரண்டு நாளில் போய்விட்டது. அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. கழிப்பறையை யார் கழுவுவது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று ஷீட்டில் எங்குமே நாங்கள் சொல்லவில்லை. நீங்கள் அனுப்புவதாக இருந்தால் அதற்கு ஒரு மூலை ஒதுக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிவத்தில் நாலு பெயர்தான் போட முடியும். கோட்டை அழித்தவர் ஐந்தாவது ஆள். அவர் பெயர் எங்கேயும் இல்லை. விளக்கக் குறிப்பில் 'உள்ளூர்ப் பெண்களுடன் கலந்துரையாடி' என்று ஒரு வாக்கியம் எழுதினோம், அவ்வளவுதான். அதைத் தமிழில் அவரிடம் படித்துக் காட்டியபோது, "கலந்துரையாடலா? நான் திட்டிட்டுல்ல போனேன்" என்றார்.

பாலத்தடி அப்படியேதான் இருக்கிறது. வேலியில் ஓட்டை மட்டும் இன்னும் பெரிதாகியிருக்கிறது. கோலமாவு அடுத்த மழைக்குக்கூடக் காத்திருக்கவில்லை, எறும்பு தின்றுவிட்டது. மாஸ்டர் மட்டும் போர்டுகளை நாங்கள் வட்டத்துக்கு வெளியே குறித்த இடத்துக்கு மாற்றிக்கொண்டார். அத்தோ கடைக்காரர் தன் பல்பு ஒன்றைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார். அதன் கீழே இரண்டு மீன் பெட்டி, நடுவில் ஆள் போகிற இடம் விட்டு. போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது அதில் ஒன்றில் உட்கார்ந்து சூப் குடித்தேன். பக்கத்துப் பெட்டியில் அந்தம்மா, வெற்றிலை போட்டுக்கொண்டு. கவிழ்த்துப் போட்ட பெட்டி, உடை முழுக்க மீன் வாடை. வீட்டில் அம்மாவிடம் நல்ல திட்டு.