மலபார் குழிவிரியன்: கேள்விகளும் பதில்களும்

மழைக்காலத்தில் ஆனைமலை, நீலகிரிப் பக்கம் செல்லவிருக்கும் சென்னை உறுப்பினர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே விடையளித்துள்ளேன்.

வேளச்சேரி உறுப்பினர்: எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் பச்சை நிறத்தில் ஒல்லியான பாம்பு ஒன்று காணப்படுகிறது. அது குழிவிரியனா?

பதில்: இல்லை. மலபார் குழிவிரியன் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. பெரும்பாலும் 600 முதல் 2000 மீட்டர் வரையிலான உயரங்களில் வாழ்வது. தாங்கள் கண்டது பச்சைப்பாம்பாக இருக்கலாம். அதைக் கண்கொத்திப் பாம்பு என்றும் சொல்வார்கள். பாவம், பெயர்தான் அப்படி, தேடிவந்து கண்ணைக் கொத்தும் வழக்கம் அதற்கு இல்லை. கூரிய மூக்கும் கயிறு போன்ற உடலும் கொண்ட பச்சைப்பாம்பின் கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். குழிவிரியனுக்கு உடல் தடித்து, தலை முக்கோணமாகி, கண்மணி செங்குத்தாக நிற்கும்.

பெரம்பூர் உறுப்பினர்: குழியில் வாழ்வதால்தான் இந்தப் பெயரா?

பதில்: அல்ல. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே இருபுறமும் உள்ள சிறு பள்ளமே அந்தக் குழி. அதனுள் விரிந்திருக்கும் மெல்லிய சவ்வு, எலி போன்ற வெப்ப இரத்த உயிர்களின் உடற்சூட்டை உணர்கிறது. ஆகவே இருட்டிலும் இரை இருக்கும் திசை அதற்குத் தெரியும். தவளை, பல்லி, சிறு பறவைகளையும் அது உண்ணும்.

தாம்பரம் உறுப்பினர்: படங்களில் பச்சை, பழுப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனப் பல நிறங்களில் காண்கிறேன். இவை வேறு வேறு இனங்களா?

பதில்: ஓரினமே. ஒரே காட்டுக்குள்ளேயே இத்தனை நிறங்களும் காணக்கிடைக்கும். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் 1854-இல் இவ்வினத்தை விவரித்தார். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் தென்படும் பெரிய செதில்களுடைய பச்சைக் குழிவிரியன் மட்டும் வேறினம்.

அடையாறு உறுப்பினர்: கடித்துவிட்டால் மருத்துவமனையில் உள்ள நஞ்சுமுறி மருந்து காப்பாற்றுமா?

பதில்: பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருப்பது இதைத்தான். நம் நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது. நம் ஊரருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவதும் இந்த நான்கின் நஞ்சைத்தான். குழிவிரியனின் நஞ்சு அந்தப் பட்டியலில் இல்லாததால், அதன் கடிக்கு இம்மருந்தை நம்பியிருக்க இயலாது.

அதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பொருளில்லை. மலபார் குழிவிரியன் கடித்தால் கடும் வலியும் வீக்கமும் தோன்றும். உயிரிழப்பு மிக அரிது. ஆனால் அதே காடுகளின் தரைச் சருகில் கிடக்கும் மூக்குத் தூக்கிய சிறிய குழிவிரியன், இரத்த உறைவைக் குலைத்துச் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. கடித்தது எதுவென்று இருட்டில் யாருக்குத் தெரியும்? எனவே மருத்துவர்கள் சிறிது குருதியைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, அது உறைகிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரின் அளவையும் கவனிப்பார்கள். கடிபட்ட இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது ஆகியவை வீங்கிய கையை மேலும் கெடுக்கும். மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றி, கையை அசைக்காமல் வைத்து, வண்டியில் ஏற்றுவதே செய்ய வேண்டியது.

குரோம்பேட்டை உறுப்பினர்: அது எத்தனை முட்டையிடும்?

பதில்: முட்டையிடாது, குட்டி ஈனும்.

மயிலாப்பூர் உறுப்பினர்: படமெடுக்க எவ்வளவு அருகில் செல்லலாம்?

பதில்: அருகில் செல்லவே வேண்டாம், தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸைக் கொண்டு செல்லுங்கள். இரைக்காக ஒரே கிளையில் அசையாமல் காத்திருப்பது அதன் இயல்பு. அது துரத்தி வராது. ஓரக்கிளையைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறும்போதும், படத்தை மறைக்கும் இலையைக் கையால் விலக்கும்போதுமே நாம் கடிபட நேரிடும்.