வீட்டுக்கு வரும் மிட்வைஃபுக்கு அரசாங்கம் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்?

கேள்வி: இப்போது எல்லாப் பிள்ளையும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறது. சந்தேகம் என்றால் காசு கட்டித் தனியாரில் சனல் பண்ணி டொக்டரிடம் காட்டலாம். பிறகு எதற்கு வீடு வீடாகத் திரிய ஒரு மிட்வைஃப்? அந்தக் காசுக்கு ஸ்கான் மெஷின் வாங்கலாம் என்கிறான் என் மகன்.
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உப்புவெளி

பதில்: ஐயா, தம்பி சொல்வதில் முதல் பாதி சரி. இலங்கையில் நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதன்பிறகு காய்ச்சல் வரலாம், இரத்தப்போக்கு கூடலாம், காலில் இரத்தம் கட்டலாம், பிரஷர் ஏறித் தலையிடியோடு கண் மங்கலாம். இதெல்லாம் வீட்டில் நடக்கிறது, ஸ்கான் மெஷின் வீட்டுக்கு வராது.

துடக்கு வீடு என்று பக்கத்து வீட்டாரே படலையடியில் நின்று கதைத்துவிட்டுப் போகிற நாட்களில் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் இருக்கிறவர் மிட்வைஃப்தான். வயிற்றில் கைவைத்துக் கருப்பை இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், கெண்டைக்காலை அழுத்தி நோகிறதா என்று கேட்பார், துணியைக் காட்டச் சொல்லி எவ்வளவு போகிறது, மணம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தோலை விரலால் அழுத்தி மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கூடாது என்று மாமியார் செம்பை எட்ட வைத்திருந்தால், சண்டை பிடிக்காமல் அதை எடுத்து அந்தத் தாயின் கையில் கொடுப்பார். சரக்குக் கறியை நிறுத்தச் சொல்லமாட்டார், கெட்டிக்காரி!

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பிறகு நாடு முழுக்க மிட்வைஃப்மாரைப் பகுதி பிரித்து அனுப்பினார்கள். 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு இது. 1990களில் அந்தக் கணக்கு 100க்குக் கீழே வந்துவிட்டது. மலேரியா ஒழிப்பு, கிருமிக்கொல்லி மருந்து, இரத்த வங்கி என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் புகழையும் மிட்வைஃபின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த பெண்களைப் பேசிப் பேசி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கிளினிக் வருகிறவர்களைப் பார்க்கும், சனல் சென்டர் காசு கட்டியவர்களைப் பார்க்கும். வராதவளைத் தேடிப் போவது மிட்வைஃப் ஒருவர்தான். தன் பகுதியில் எந்த வீட்டில் கலியாணமாகியிருக்கிறது, எவளுக்கு நாள் தள்ளியிருக்கிறது, எந்த வீட்டில் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். இதைக் காசுக்கு விற்கிற வேலையாக ஆக்கினால் முதலில் விடுபடுவது குச்சவெளியிலும் வெருகலிலும் இருக்கிற ஏழைப் பெண்கள்தான், ஏனென்றால் அங்கே எந்தத் தனியாரும் கடை போடமாட்டான். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் விசாரியுங்கள், பிள்ளை பிறந்த வீட்டுக்கு அங்கேயும் அரசாங்க மிட்வைஃப் வருகிறார், காசு வாங்குவதில்லை. ஸ்கான் மெஷினும் வாங்கட்டும் ஐயா, மிட்வைஃபின் சம்பளத்தில் கைவைக்காமல்.

கேள்வி: அக்கா, எங்கள் மிட்வைஃப் மிஸ் இரண்டு பகுதியைச் சேர்த்துப் பார்க்கிறா. மகள் பிள்ளை பெற்று ஒரு மாதமாகிறது, ஒருதரம்தான் வந்தா. யாரை ஏசுவது?
– ஒரு அம்மம்மா, ஈச்சிலம்பற்று

பதில்: அவவை ஏசாதீங்கோ அம்மா. சுமார் 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பதுதான் கணக்கு. பக்கத்துப் பகுதி வெற்றிடத்தையும் அவ தலையில் போட்டுவிட்டு, எண்ணெய்ச் செலவையும் பார்த்துக்கொள் என்றால், மாரியில் மகாவலி பெருகுகிற இடத்தில் ஒரு ஸ்கூட்டியில் எத்தனை வீட்டுக்குப் போவா?

ஆனால் உங்கள் உரிமையை விடவும் கூடாது. முதல் 10 நாளுக்குள் இரண்டு தரம், 14க்கும் 21க்கும் இடையில் ஒருதரம், 42ஆம் நாளையொட்டி ஒருதரம் வர வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் சொந்த ஏற்பாடு. சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையிலும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எங்கள் பிரிவுக்கு அனுமதித்த மிட்வைஃப் பதவி எத்தனை, ஆள் இருப்பது எத்தனை, மற்றது எவ்வளவு காலமாக வெற்றிடம் என்று நாட்டுப் பிரஜை யாரும் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லி மாதர் சங்கத்தால் அழுத்தம் கொடுங்கள். றோட்டுக்கும் மதகுக்கும் அங்கே மணிக்கணக்கில் சண்டை பிடிக்கிறார்கள், இதற்கும் கொஞ்சம் பிடிக்கட்டும். ஒருவரைப் பயிற்றி எடுக்கவே ஒன்றரை வருடம் வேண்டும், இன்று கேட்டால்தான் அடுத்த பேரப்பிள்ளைக்காவது ஆள் வரும்.

கேள்வி: முதல் பிள்ளை சீசர். இது இரண்டாவது. அம்மா எங்கள் எல்லாரையும் வீட்டில் மருத்துவிச்சியிடம்தான் பெற்றா. மிட்வைஃபைக் கூப்பிட்டு நானும் வீட்டில் பெறலாமா?
– மூதூர் வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி. அம்மா பெற்ற காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்ச் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு வழியிலுள்ள மற்றப் பாலங்களும் திறந்தபின் அந்தக் கதை இல்லை. ஒருதரம் வெட்டிய கருப்பை வலியில் கிழியலாம், அப்படியானால் உடனே ஒப்பரேஷன் தியேட்டர் வேண்டும், அது மிட்வைஃபின் பையில் இல்லை. சீசர் செய்தவருக்கும் அடுத்தது சுகப்பிரசவமாகலாம், ஆனால் அதை முடிவுசெய்வது டொக்டர், நடக்க வேண்டியது ஆஸ்பத்திரியில். நாள் தள்ளிய உடனே மிட்வைஃபிடம் பதிந்துவிடுங்கள், மூன்று மாதம் போகட்டும் என்று இருக்காதீர்கள். முதல் பிள்ளையின் கிளினிக் கார்டும் டயக்னோசிஸ் துண்டும் கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள், முதலில் அதைத்தான் கேட்பா.