2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, கேஎல் நம்பர், 58,000 கிலோமீட்டர், 4.6 லட்சம்: வாங்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கிறேன். மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் 2016 வோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. கேஎல்-07 நம்பர், 58,000 ஓடியிருக்கிறது, 4.6 லட்சம் சொல்கிறார். ஓட்டிப் பார்த்தேன், பறக்கிறது. வாங்கலாமா?

பறக்கத்தான் செய்யும். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் இழுவிசை, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று தாண்டியதுமே கிடைக்கும். நீங்கள் இதுவரை ஓட்டியது சாதாரண பெட்ரோல் வண்டியாக இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே மனசு விழுந்துவிடும். அதனால் ஓட்டிப் பார்த்த சந்தோஷத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வாங்குவதா வேண்டாமா என்பதைக் கியர்பாக்ஸும், உப்பும் தண்ணீரும், ஆர்சி புக்கும் தீர்மானிக்கட்டும்.

முதலில் கியர்பாக்ஸ். இந்த வண்டியில் இருப்பது தானாகக் கியர் மாற்றும் 7 கியர் டிஎஸ்ஜி, டிகியூ 200 என்பார்கள். இரண்டு கிளட்ச், இரண்டுமே உலர் கிளட்ச். குளிர வைக்க ஆயில் கிடையாது. 1, 3, 5, 7 ஒரு கிளட்சில், 2, 4, 6, ரிவர்ஸ் மற்றதில். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், தேயும். இதை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் பெட்டியில் எண்ணெய் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் அக்யுமுலேட்டர் பொருந்தும் இடத்தில் விரிசல் விழுவது உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி. அழுத்தம் கசிந்தால் பம்ப் விடாமல் ஓடும், ஸ்கேனில் பி17பிஎஃப் என்ற பிழை எண் வரும், மீட்டரில் ஸ்பானர் படம் எரியும், ஒருநாள் கியரே விழாது. மெக்கட்ரானிக்ஸ் மாற்றினால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும். கிளட்ச் செட் தனி.

"எங்க சித்தப்பா வண்டி ஒன்றரை லட்சம் ஓடியாச்சு, ஒண்ணும் ஆகல" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: இருக்கலாம், மறுக்கவில்லை. நாலுவழிச்சாலையில் ஓடிய டிஎஸ்ஜியும் நகர நெரிசலில் ஓடிய டிஎஸ்ஜியும் ஒன்றல்ல. கேஎல்-07 எர்ணாகுளம் நம்பர். 58,000 கிலோமீட்டரும் கொச்சி நெரிசலில் ஓடியதென்றால் அது நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு லட்சத்தைவிட மோசம்.

ஆகவே மறுபடி ஓட்டிப் பாருங்கள், ஆனால் முறையாக. போவதற்கு முன் போன் செய்து, "நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு, இபிசி (எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாடு) விளக்கு, ஏர்பேக் விளக்கு மூன்றும் எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைச் செத்துப்போக வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று நொடி காதைத் தீட்டிக் கேளுங்கள். ஆரம்ப கால 1.2 டிஎஸ்ஐ எஞ்சின்களில் டைமிங் செயின். செயின் நீண்டிருந்தால் அந்த மூன்று நொடியில்தான் கடகடவென்று சத்தம் வரும், ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். சூடான எஞ்சினில் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் சமதரையில் டி போட்டு பிரேக்கை விடுங்கள். ஒரு நொடிக்குள் வண்டி தானாக ஊர வேண்டும். ஏற்றத்தில் ரிவர்ஸ் போட்டு, ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டு பத்தடி ஏற்றுங்கள். மார்த்தாண்டத்தில் ஏற்றத்துக்கா பஞ்சம்? உதறினால் இரட்டைப்படை கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இதோடு நிறுத்தினால் பாதிச் சோதனைதான். விற்பவர்கள் எல்லாரும் ஆரல்வாய்மொழிப் பக்கம் காலியான ரோட்டுக்குத்தான் கூட்டிப்போவார்கள். நீங்கள் சாயங்காலம் 5 மணிக்கு மேல் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை போய்த் திரும்புங்கள். பாலத்தில் ஏறாதீர்கள், கீழே ஜங்ஷன் வழியாகவே போங்கள். அரைமணி நேரம் நின்று நின்று ஊர்ந்தால் கிளட்ச் சூடாகும். அதன்பிறகு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் நடுக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கிளட்ச் செட் விலையைக் கழித்துப் பேசுங்கள், இல்லை வந்துவிடுங்கள். கடைசியாக மேனுவல் மோடில் 3-வது கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுக்க மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் ஏறாமல் மந்தமாக இருந்தால் டர்போ பக்கம் கசிவு. வெட்டி வெட்டி இழுத்தால் பெரும்பாலும் இக்னிஷன் காயில். அது சின்னச் செலவு, பயப்பட வேண்டாம்.

ஸ்கேன் கட்டாயம். நூறு ரூபாய் ப்ளூடூத் கருவி போதாது. வோக்ஸ்வாகன், ஸ்கோடா வேலை மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் மாட்யூலையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். பதிவான பிழையோடு அது எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதும் சேமிக்கப்பட்டிருக்கும். மீட்டர் 58,000 காட்ட, பிழை 83,000-ல் பதிவாகியிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சர்வீஸ் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. 2016 வண்டிக்கு வருடம் ஒன்று வீதம் பில் இருக்க வேண்டும். நாலு பில்லைக் காட்டி "ஃபுல் ஹிஸ்டரி" என்றால் நம்பாதீர்கள். வோக்ஸ்வாகன் 502 00 தர ஆயில் ஊற்றியிருக்கிறார்களா என்று அதே பில்லில் பார்க்கலாம்.

ஈசியூ ரீமேப் செய்த வண்டியா, அதாவது வேகம் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியதா என்றும் கேளுங்கள். விற்கும் முன் பழைய மேப்பையே திரும்ப ஏற்றிவிடுவார்கள், ஆனால் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு ஈசியூவில் நிற்கும். டிகியூ 200 தாங்கும் உச்ச இழுவிசை 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் அதற்குள்தான் நிற்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஏற்கெனவே தேய்ந்த உலர் கிளட்சுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இன்ஷூரன்சுக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் கிளைம் நேரத்தில் அதுவும் வந்து நிற்கும்.

இனி உப்பு. வண்டி நின்றது கொச்சி, இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு பைக் இரண்டு வருடத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். போலோவின் தகடு கால்வனைஸ் செய்தது, கதவு, பானட் சீக்கிரம் துருப்பிடிக்காது, எல்லாரும் அதைப் பார்த்தே ஏமாறுகிறார்கள். அடியில் இருக்கும் பிரேக் பைப், சைலன்சர் ஜாயிண்ட், சஸ்பென்ஷன் போல்ட்டுகளுக்கு அந்தக் காப்பு இல்லை. லிஃப்டில் ஏற்றாமல் வாங்காதீர்கள். பிரேக் பைப்பை நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரிந்தால் மாற்ற வேண்டும். ஏசி கண்டென்சரின் இழைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அடுத்த கோடையில் காஸ் நிற்காது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நிறுத்திய வண்டி என்றால் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைத் திறந்து பாருங்கள். சருகு வடிகாலை அடைத்து, மழைத்தண்ணீர் உள்ளே கால்மிதி வரை வரும்.

லிஃப்டில் இருக்கும்போதே சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் மூன்றையும் கடப்பாரை வைத்து ஆட்டிப் பாருங்கள். நம் ரோட்டில் இவை போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை: இரவு பகல் என்றில்லாமல் பாறையும் எம்-சாண்டும் அள்ளிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகள் ரோட்டை நொறுக்கும், நாம் ஆயுள் வரி கட்டிவிட்டு புஷ் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஓவர்லோடு பிடிப்பதாகப் பத்திரிகையில் படம் வரும், மறுநாள் அதே வரிசை. மலையும் போச்சு, ரோடும் போச்சு. சரி, விடுங்கள்.

கேஎல்-07 என்பதால் இன்னொன்று. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டமும் மூழ்கியது. அதே சந்தேகத்தை 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி வண்டிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் மண்கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியைப் பாருங்கள், இருக்கை தண்டவாளத்தின் திருகுகளைப் பாருங்கள், கார்ப்பெட்டின் ஸ்பாஞ்சை அழுத்தி மோந்து பாருங்கள். வாசனை ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தாலே ஒரு மார்க் குறையுங்கள்.

புக் யார் பேரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இன்னும் எர்ணாகுளத்துக்காரர் பேரில்தான் இருக்கும், மார்த்தாண்டத்துக்காரர் கையில் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவம் 29, 30 இருக்கும். அப்படியென்றால் அவர் விற்பது வண்டியை அல்ல, தலைவலியை. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதற்குக் கேரள ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று), அதாவது படிவம் 28 வேண்டும். கடன் இருந்தால் வங்கிச் சான்றும் படிவம் 35-ம். 2023-ல் கேரளாவில் ஏஐ கேமரா அபராதம் தொடங்கியபின் கட்டாத சலான் என்ஓசிக்கு முட்டுக்கட்டை ஆகிறது, பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு முதலில் பாருங்கள். இங்கே நாகர்கோவில் நம்பரான டிஎன்-74 வாங்க ஆயுள் வரி கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் சின்னத் தொகை இல்லை. கேரளாவில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். அது வரும் வேகத்தை நம்பி வண்டி வாங்காதீர்கள். என்ஓசியை எடுத்துத் தரவேண்டியது விற்பவர். "நீங்க வாங்கிக்கிடுங்க, ஏஜெண்ட் பார்த்துக்கிடுவாரு" என்றால் விலையில் 50,000 கழியுங்கள்.

இவ்வளவும் தேறினால் வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு: வாங்கிய மறுநாள் உங்கள் கணக்கில் ஒன்றரை லட்சம் தனியாக இருக்க வேண்டும். 4.6 லட்சத்தைத் திரட்டவே கடன் வாங்குகிறீர்கள் என்றால் இந்த வண்டி உங்களுக்கு இல்லை. இன்னும் இரண்டு மூன்று லட்சம் கூடப் போட முடிந்தால் 2020-க்குப் பிந்தைய 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள். 110 குதிரைத்திறன், அதே 175 நியூட்டன் மீட்டர், கியர்பாக்ஸ் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், அதாவது ஆயில் வழியாக இழுவையைக் கடத்துவது. டிஎஸ்ஜி அளவுக்குச் சட்டென்று மாறாது, ஆனால் நெரிசலில் ஊர்ந்தாலும் தேய அதில் உலர் கிளட்ச் இல்லை. 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள், அதனால் நல்ல வண்டிக்கு விலை இறங்கவில்லை. "அதுக்கு ஸ்விஃப்ட் வாங்கலாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை, கேள்வி அதுவல்ல.

முன்பணம் 5,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். ரசீதில் "ஸ்கேனில் கியர்பாக்ஸ் பிழை வந்தாலோ, என்ஓசி கிடைக்காவிட்டாலோ முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு அஞ்சு நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது.