வாட்சில் ரெஸ்டிங் ஹார்ட் ரேட் நேற்று 66, இன்று 73. எதை நம்புவது?

கேள்வி கேட்டவருக்கு வயது 38. உட்கார்ந்து பார்க்கும் வேலை, சாயங்காலம் அரை மணி நேரம் நடை. புது வாட்ச் கட்டி மூன்று வாரம் ஆகிறது. ரெஸ்டிங் ஹார்ட் ரேட், அதாவது ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற எண், நேற்று 66 என்று காட்டியது இன்று 73 ஆகிவிட்டது. பக்கத்து சீட் நண்பருக்கோ 54. கோளாறு இதயத்திலா, வாட்சிலா என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. சில வருடங்களாக வாட்ச் கட்டிக்கொண்டு, அது காட்டும் எண்களைக் கொஞ்சம் துருவிப் பார்க்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டிலுமே கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. இந்த எண்ணை உங்கள் பழைய எண்களோடு மட்டும் ஒப்பிடுங்கள், அதையும் வாரக்கணக்கில் பாருங்கள். அடுத்தவர் எண்ணுக்கு இதில் வேலையே இல்லை. பக்கத்து வீட்டு கரண்ட் பில் குறைவாக வந்தால் நம் வீட்டு ஒயரிங்கில் கோளாறு என்று ஆகிவிடாதே.

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அமெரிக்காவில் ஃபிட்பிட் கம்பெனியின் வாட்ச், பேண்ட் கட்டியிருந்த 92,457 பேரின் தினசரி அளவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020-ல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. எல்லோருக்குமான சராசரி 65.5. ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்தால் 40-லிருந்து 109 வரை பரவிக் கிடந்தது. வயது, ஆண் பெண் வேறுபாடு, உடல் பருமன், தூங்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட விளக்கம் கிடைக்கவில்லை. அதே ஆய்வில் ஒரே ஆளின் எண் பெரும்பாலும் தன் எல்லையை விட்டு அதிகம் நகரவில்லை. அப்படியும் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வாரத்திலாவது 10 அல்லது அதற்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறது. உங்கள் 7 இதற்குள் அடங்கிவிடும்.

நண்பரின் 54-க்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அவர் ஓட்டக்காரராக இருக்கலாம். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவராக இருக்கலாம், அது துடிப்பைக் குறைக்கும். பிறவியிலேயே மெதுவான துடிப்பு உள்ளவர்களும் உண்டு. அல்லது அவர் வாட்ச் வேறு பிராண்டாக இருக்கலாம். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

‘ரெஸ்டிங்’ என்று எதை எடுத்துக்கொள்வது என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. கார்மின் 24 மணி நேரத்தில் எந்த அரை மணியின் சராசரி மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்கிறது. அது அநேகமாக நடுராத்திரித் தூக்கத்தில்தான் கிடைக்கும். ஆப்பிள் வாட்ச் தூக்கத்தை ஒதுக்கிவிட்டு, விழித்திருக்கும்போது நாம் அசையாமல் இருக்கும் நேரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஃபிட்பிட் தூக்கம், விழிப்பு இரண்டையும் கலக்கிறது. தூக்கத்தில் எல்லோருக்கும் துடிப்பு இறங்கும் என்பதால், ஒரே ஆள் இரண்டு கையிலும் இரண்டு பிராண்டைக் கட்டினால்கூட இரண்டு எண் வரும். நான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது 57 என்று இருந்தது 63 ஆனது. கையும் அதேதான், இதயமும் அதேதான். வாட்ச் மாற்றினால் பழைய கிராஃபை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

சரி, வாட்ச் உண்மையிலேயே சரியாகத்தான் எண்ணுகிறதா? பின்பக்கம் மினுக்கும் பச்சை வெளிச்சம்தான் ஆதாரம். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டு நாளங்களில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். சென்சார் அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. கை அசைந்தால் இந்தக் கணக்கு குழம்பும். வேகமாக நடக்கும்போது சில சமயம் துடிப்புக்குப் பதிலாக நம் காலடியின் தாளத்தையே எண்ணிவிடும். ஓய்வில் அந்தத் தொல்லை குறைவு. டியூக் பல்கலைக்கழகத்தில் பல வாட்சுகளை ஈசிஜியோடு ஒப்பிட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வில் வந்த பிழையைவிட அசைவில் வந்த பிழை சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம் தோல் நிறத்துக்கு இது சரியாக வேலை செய்யுமா என்று பலர் கேட்பதுண்டு. அதே ஆய்வு வெவ்வேறு தோல் நிறத்தவர்களிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் காணவில்லை. மணிக்கட்டில் டாட்டூ இருந்தால் மட்டும் மற்ற கையில் கட்டுங்கள், மை ஒளியைத் தடுக்கும்.

இப்படிச் சொல்வதால் எல்லா வாட்சையும் நம்பிவிட முடியாது. சில பேண்டுகளை வாழைப்பழத்தில் சுற்றினால் பழத்துக்கும் ஹார்ட் ரேட் காட்டும். யூடியூபில் வீடியோ நிறைய கிடைக்கும், பொழுது போகும். அதனால் ஒருமுறையாவது நீங்களே எண்ணிப் பாருங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையை விட்டு இறங்காமல், கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அந்த நிமிடத்தில் வாட்ச் காட்டும் நேரடித் துடிப்போடு இரண்டு மூன்றுக்குள் ஒத்துப்போனால் போதும். எண்ணும்போது தாளம் சீராக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி அந்த 66, 73 விஷயம். முந்தின இரவு என்ன நடந்தது என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ராத்திரி பத்தரைக்கு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், ஜீரணத்துக்காக இதயம் கூடுதலாக வேலை பார்க்கும். மது குடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தூக்கம் குறைந்தால் ஏறும். மறுநாள் மேனேஜரோடு மீட்டிங் என்றாலும் ஏறும்.

நம் ஊரில் வெயிலைச் சேர்த்தே ஆக வேண்டும். சூட்டை வெளியேற்ற உடம்பு தோலுக்கு நிறைய ரத்தத்தை அனுப்புகிறது. வேர்வையில் தண்ணீரும் போகிறது. ரத்தத்தின் அளவு குறைந்தால் ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தமும் குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். அக்னி நட்சத்திர சமயத்தில், அதுவும் ராத்திரியில் கரண்ட் போய்விட்டால், என் எண் நான்கைந்து ஏறாமல் இருந்ததே இல்லை. ஏசி அறையில் படுத்தால் அடுத்த நாளே இறங்கிவிடும்.

தூக்கத்தை வைத்து அளக்கும் வாட்சுகளில் இன்னொரு சங்கதி உண்டு. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டர் சுற்றி முடித்து, பஸ்ஸில் அரைகுறையாகக் கண்ணை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் வாட்ச் ஏதோ பெரிய ஆபத்து மாதிரி எண்ணைத் தூக்கிக் காட்டியது. களைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இரவில் அதற்கு அளக்க நிம்மதியான ஓர் அரை மணி கிடைக்கவே இல்லை. நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், கல்யாண வீட்டு வாரத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். அந்த நாட்களின் எண்ணை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

காய்ச்சல் தனிக் கதை. உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு ஏறத்தாழ 10 கூடும். சில சமயம் தொண்டை கரகரப்பதற்கு முன்பே எண் ஏறத் தொடங்கிவிடும். காரணமே இல்லாமல் திடீரென்று 8, 10 ஏறி நின்றால், அன்று ஜிம்முக்குப் போகாமல் ரசம் சாதம் சாப்பிட்டுச் சீக்கிரம் படுப்பது என் வழக்கம். பாதி நாள் ஒன்றும் வராது. அதனால் என்ன, சீக்கிரம் படுத்தது மிச்சம்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று. மாதச் சுழற்சியின் பிற்பாதியில் எண் இரண்டு மூன்று ஏறி, மாதவிடாய் தொடங்கும்போது இறங்குவது இயல்பு. அதனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் இதே சமயத்தோடு ஒப்பிடுங்கள். கர்ப்பகாலத்தில் 10 முதல் 20 வரை கூடுவதும் உண்டு. ஆனால் எப்போது பார்த்தாலும் 90-ஐ ஒட்டியே நிற்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், அதே ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்க இதயம் அதிகமாக அடித்தாக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் துடிப்பு ஏறும். இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாட்சை ராத்திரியிலும் கட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத இறுக்கத்தில் இருக்கட்டும். மூன்று வாரம் என்பது உங்கள் வழக்கமான அளவு எது என்று வாட்சுக்கே இப்போதுதான் பிடிபடும் நேரம். தினசரி எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆப்பில் மாத கிராஃபைத் திறங்கள். ஒரு நாள் குதித்தால் நான் கண்டுகொள்வதில்லை. வாரச் சராசரியே ஐந்துக்கு மேல் ஏறி, காரணமும் தெரியாமல், இரண்டு வாரமாக இறங்காமல் நின்றால்தான் டாக்டரிடம் போவேன். இது நானே வைத்துக்கொண்ட கணக்கு, மருத்துவ விதி கிடையாது. சும்மா சும்மா வாட்சைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பதற்றத்திலேயே துடிப்பு ஏறும் என்பது இன்னொரு வேடிக்கை.

எண்ணைக் குறைக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியும். தொடர்ந்து உழைக்கப் பழகிய இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தை வெளியேற்றும், அதனால் ஓய்வில் குறைவாக அடித்தாலே போதும். உங்கள் அரை மணி நடை போன் பேசிக்கொண்டே நடப்பது என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த வேகம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் சொல்கிறது. இரண்டு மூன்று மாதம் விடாமல் நடந்தால் சில துடிப்புகள் இறங்கலாம். இதை மார்க் மாதிரி நினைத்துப் போட்டி போடாதீர்கள். உடற்பயிற்சியே இல்லாத ஒருவருக்கு 45 வந்து தலையும் சுற்றுகிறது என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? விழித்திருக்கும்போது ஓய்விலேயே அடிக்கடி 100-ஐத் தாண்டினாலோ, 50-க்குக் கீழே போய்க் களைப்பு, தலைசுற்றல், மயக்கம் வந்தாலோ போங்கள். நாடியை எண்ணும்போது தாளம் தாறுமாறாக இருந்தாலும் போங்கள். தாளம் கெட்டிருந்தாலும் நிமிடச் சராசரி 72 என்று அழகாக வரலாம், அதை ஈசிஜியில்தான் பிடிக்க முடியும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நெஞ்சுவலியோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் வாட்சைப் பார்க்கவே வேண்டாம். மாரடைப்பு வந்தவருக்கும் 68 காட்டலாம். 108-க்குப் போன் போடுங்கள்.

சாதாரணமாக டாக்டரிடம் போகும்போது மாத கிராஃபைப் போனில் எடுத்துக் காட்டுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதையும் விடாதீர்கள், அவற்றில் சில துடிப்பை ஏற்றும். உங்கள் நண்பர் ஒருவேளை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், 54-ஐப் பார்த்துப் பயந்து தானாக அதை நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.