கூவத்தில் குப்பை அள்ளினால் போதுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இருபது பேர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூவம் கரையில் குப்பை அள்ளி வருகிறோம். அடுத்த மாதம் போனால் அதே குப்பை, அதே நாற்றம். எங்கள் உழைப்பால் ஆறு சுத்தமாகுமா?
– வாசகி, சேத்துப்பட்டு

பதில்: உங்கள் உழைப்பு வீண் அல்ல, கரை துப்புரவாகிறது. ஆனால் ஆற்றின் நோய்க்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. கழிவுநீரில் உள்ளவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பிறகு ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடுகின்றன. பாலத்தில் நிற்கும்போது மூக்கில் ஏறும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். மழைக்காலம் போனால் கூவத்தில் நன்னீர் வரத்து மிகக் குறைவு என்பதால், வந்து சேரும் கழிவைக் கலைத்து அனுப்பவும் வழியில்லை.

ஆகவே உங்கள் குழு கவனிக்க வேண்டியது, ஆற்றுக்குள் திறக்கும் குழாய்வாய்களை. இதற்கு அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி ஓடும் சார்லஸ் ஆறு நல்ல முன்னுதாரணம். சுமார் 130 கி.மீ. நீளமுள்ள அந்த ஆற்றுக்காக 1965-இலேயே குடிமக்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1995-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஆற்றின் கீழ்ப்பகுதி நீருக்குப் பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைபோல் ஆண்டுதோறும் தரம் வழங்கத் தொடங்கியபோது, முதல் ஆண்டு கிடைத்தது ‘டி’. அதே காலத்தில் சங்கத்தின் தொண்டர்கள் மாதம் ஒரு நாள் விடியற்காலையில் தத்தம் பாலத்துக்குப் போய், கயிறு கட்டிய வாளியை இறக்கி, நீரைப் புட்டியில் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுக் குழாய்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்ததே அங்கும் பெரிய சிக்கல்களில் ஒன்று. எந்த இடத்தில் கிருமி எண்ணிக்கை எகிறுகிறது என்று தெரிந்ததும், அங்கிருந்து வடிகாலைப் பின்தொடர்ந்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தவறான இணைப்பு வரை போக வழி பிறந்தது. தேடவும் திருத்தவும் உள்ளாட்சி நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் முகமையிடம் இருந்தது. விடாமல் கேட்கும் குரல் மக்களிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் தரம் பின்னாளில் ‘பி’, ‘ஏ மைனஸ்’ என்று உயர்ந்தது. 2013-இல், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுபோயிருந்த பொது நீச்சல் அங்கே மீண்டும் நடந்தது. இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீங்கள் நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. பத்து நாளாக மழையே இல்லாத ஒரு காலையில், உங்கள் பகுதியில் மழைநீர் வடிகால் ஆற்றில் திறக்கும் இடங்களைப் பாருங்கள். மழையில்லாத நாளில் அங்கே நீர் ஒழுகினால், பெரும்பாலும் அது யாரோ விட்ட கழிவுநீர்தான். இடம், நாள், நேரம், நீரின் நிறம் ஆகியவற்றைக் குறித்துப் படமும் எடுங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு என்பதால், மனுவை இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள். இல்லையென்றால் அது இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும்.

கேள்வி: கரையோரக் குடிசைகளை அகற்றினாலே கூவம் சுத்தமாகிவிடும் என்கிறார்களே?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஆகாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கு அனுப்பிய பின்பும் ஆறு கறுப்பாகத்தான் இருக்கிறது. குடத்தில் நீர் பிடித்துப் புழங்கும் வீடு வெளியேற்றும் கழிவு, குழாயைத் திறந்தாலே நீர் கொட்டும் அடுக்குமாடி வீட்டின் கழிவில் சிறு பங்குதான். வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுப் போன அந்த மக்கள்மேல் பழியைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. மேலும், இரவில் கழிவுநீர் லாரி எந்த இடத்தில் வந்து நிற்கிறது, எந்தக் குழாய் எந்த நேரத்தில் திறக்கிறது என்பதெல்லாம் கரையில் வாழ்பவர்களுக்கே தெரியும். இன்னும் அங்கே இருப்பவர்களை, சேத்துப்பட்டு வாசகியின் குழு முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும்.