ராபர்ட் ஸ்மால்ஸ்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,
ராபர்ட் ஸ்மால்ஸ் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரத்துல அடிமையா இருந்தவர், தெற்குப் படையோட கப்பலையே எடுத்துக்கிட்டு வடக்குப் பக்கம் தப்பிச்சது பெரிய விஷயம்தான், ஆனா கேப்டன் கரைக்குப் போனதால கிடைச்ச அதிர்ஷ்டம்தானே அது? அத வச்சே அமெரிக்க காங்கிரஸ்ல, அதாவது அவங்க நாடாளுமன்றத்துல, உறுப்பினர் ஆயிட்டாரோன்னு தோணுது.

அன்புள்ள தம்பி,

கேப்டனும் மத்த வெள்ளைக்கார ஆபீசர்களும் உத்தரவ மீறி கரைக்குப் போனது நெசம்தான், ஆனா அப்படி ஒரு ராத்திரி வரும்னு ஸ்மால்ஸ் கூட்டாளிங்ககிட்ட முன்னாடியே பேசி வச்சுட்டு காத்திருந்தாரு. தென் கரோலினா மாநிலத்து சார்ல்ஸ்டன் துறைமுகத்துல எங்க மணல்திட்டு, எங்க கண்ணிவெடி, எந்தக் கோட்டைக்கு எந்த விசில்னு அத்தனையும் அவருக்கு மனப்பாடம். அந்த பிளான்டர் கப்பல உண்மைல வழிநடத்துனவரே அவருதான், ஆனா கறுப்பருக்கு பைலட் (கப்பலுக்கு வழிகாட்டுறவர்)ங்கற பேரக் குடுக்க மனசு வராம வீல்மேன் (சுக்கான் பிடிக்கறவர்)னுதான் கூப்பிட்டாங்க.

1862 மே 13 விடியறதுக்கு முன்னாடி, கேப்டனோட வைக்கோல் தொப்பிய மாட்டிக்கிட்டு, அவர மாதிரியே நின்னுக்கிட்டு, தெற்குப் படை கையில இருந்த சம்டர் கோட்டை கிட்ட விசில் அடிச்சாரு பாருங்க, உள்ள மனைவி ஹன்னாவும் குழந்தைங்களும் சேத்து 16 பேரு, பிடிபட்டா கப்பலோட மூழ்கிடறதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. அப்புறம் வடக்குப் படையோட கப்பல் சுடத் தயாரா நிக்கும்போது சரணடையறோம்னு காட்ட வெள்ளை பெட்ஷீட்ட ஏத்துனாங்க. இத எப்படிங்க அதிர்ஷ்டம்னு விடறது!

அரசியலுக்கு வர்றேன். அவருக்கு அப்போ படிக்கத் தெரியாது, விடுதலைக்கு அப்புறம் வாத்தியார் வச்சு இருபத்தஞ்சு வயசுல கத்துக்கிட்டாரு. அதே மாநிலத்து போபோர்ட் ஊர்ல, தான் பிறந்த எசமான் வீட்டையே வரி பாக்கி ஏலத்துல வாங்கி அம்மாவ அதுல குடி வச்சாரு (எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது). 1868ல தென் கரோலினா அரசியல் சாசன மாநாட்டுல எல்லாப் புள்ளைங்களுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேணும்னு நின்னாரு, 1875லேர்ந்து அஞ்சு தடவ காங்கிரஸ்ல இருந்தாரு, நடுவுல லஞ்ச வழக்குல தண்டனையும் வந்துச்சு, மன்னிப்பும் கிடைச்சுது.

ஆனா நீங்க பாக்க வேண்டியது 1895. புது சாசனம் எழுத தென் கரோலினால மறுபடி ஒரு மாநாடு, 160 பேர்ல கறுப்பர் ஆறே பேரு. சாசனத்துல ஒரு பகுதியப் படிச்சு எழுதிக் காட்டணும், இல்ல 300 டாலர் சொத்துக்கு வரி கட்டியிருக்கணும், அப்பதான் ஓட்டுன்னு கொண்டு வந்தாங்க. படிப்புக்காக அவ்வளவு பாடுபட்டவரு முன்னாடி, படிப்பையே பூட்டா போட்டு அவரு சனத்த வெளிய நிறுத்துனாங்க. 56 வயசுல எழுந்து எதிர்த்துப் பேசினாரு, தோத்தாரு, கடைசி வரைக்கும் அதுல கையெழுத்து போடல.