கூட்டம் முடியும்வரை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நானும் நண்பர்களுமாகப் பத்துப் பேர், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வீடுவீடாகப் போய் நிலக்கரிப் புகை பற்றியும் சோலார் பற்றியும் பேசிவருகிறோம். துண்டறிக்கை கொடுத்தோம், சைக்கிள் பேரணி போனோம், புவி வெப்பமாதல் பற்றித் தெருநாடகம்கூடப் போட்டோம். கைதட்டுகிறார்கள், கையெழுத்தும் போடுகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நாலு பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டு ஆட்கள். எங்கள் அபார்ட்மென்ட் சங்கமே மாடியில் சோலார் வைக்க ஒத்துக்கொள்ளவில்லை. "சீனாக்காரன் விடுற புகைக்கு முன்னால நாம எம்மாத்திரம்மா" என்கிறார் செயலாளர். கோயம்புத்தூர்ப் பக்கம் ஓடந்துறையில் ஒரு பஞ்சாயத்தே காற்றாலை வாங்கியது. இங்கே மட்டும் மக்கள் ஏன் எதையும் கண்டுகொள்வதில்லை? எப்படிப் பேசினால் உறைக்கும்? விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

வழக்கமாக நான் கடிதங்களுக்குப் பதில் எழுத மூன்று மாதமாகும். உங்களுக்கு மறுநாளே எழுதுவதற்குக் காரணம், போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த ஒரு ஜெராக்ஸ் கட்டு. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

"மக்கள் கண்டுகொள்வதில்லை." எண்ணூரில் நின்றுகொண்டு இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வடசென்னை அனல் மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் ஒழுகி ஒழுகி, கொசஸ்தலை ஆறு சாம்பல் சேறாகிக் கழிமுகமே மேடு தட்டிப்போன கதை உங்கள் தெருமுனையில் நடந்த கதை. காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர்தான் அதற்காக 2016-ல் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். மின்வாரியம்தான் பொறுப்பு, சீர்செய்து கொடு என்று தீர்ப்பு வர 2022 ஆனது. ஆறு வருடம்! இப்படிப்பட்ட ஊரைப் பார்த்தா கண்டுகொள்ளாதவர்கள் என்கிறீர்கள்? அவர்கள் உங்கள் நாடகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் இருக்கும், துணி துவைக்க இருக்கும், கொஞ்சம் தூங்கவும் இருக்கும்.

செயலாளரின் சீனாவுக்கெல்லாம் பதில் தேடி அலையாதீர்கள். உங்கள் மாடிக்கொடியில் காயும் துணிமேல் படிகிற தூசு பெய்ஜிங்கிலிருந்து வருவதில்லை.

ஓடந்துறையைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். 2006-ல், ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, அதில் பெரும்பகுதிக்கு வங்கிக் கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைப் பஞ்சாயத்தின் பெயரிலேயே வாங்கினார்கள், ஊர்த் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள், எல்லாம் சரி. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது காற்றாலை இல்லை. தலைவராக இருந்த சண்முகம், பஞ்சாயத்தின் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து உட்கார்ந்து கணக்குப் போட்டாரே, அந்த இடம். உலகத்தைக் காப்பாற்றும் பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம் மற்றவர்கள் சேர்த்தது.

கணக்கு என்றதும் அத்தை ஞாபகம் வருகிறார். ஜெராக்ஸ் கட்டும் அவருடையதுதான்.

எங்கள் ஊர்ப் பெயர் வேண்டாம், ஆலையின் பெயரும் வேண்டாம். நிலக்கரி எரிக்கிற ஆலை. நம் நாட்டு நிலக்கரி நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் சாம்பலாகத்தான் மிஞ்சும். அதில் கொஞ்சம் காற்றுவாக்கில் எங்கள் அத்தை வீட்டு மொட்டைமாடிக்கும் வரும். கறுப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெளிர்சாம்பல் நிறம், முகப்பவுடர் மாதிரி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுக்கும். அத்தை பழைய வேட்டியை விரித்துக் கூழ்வடகம் பிழிந்து காயவைப்பார். சாயங்காலம் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பார். நறநறவென்றால் மொத்தமும் மாட்டுக்குத்தான். மாடும் சில நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அடுக்களையில் மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு, சிலிண்டர் போட்ட தேதி எல்லாம் அதில்தான். அப்படி வடகம் வீணாகிற நாட்களின் கட்டத்தில் அத்தை "சா" என்று எழுதிவைத்தார். ஒருமுறை நான், "என்ன அத்தை, மாசத்துக்கு நாலஞ்சு தடவை சா, சான்னு, யாரைச் சபிக்கிறீங்க?" என்று கேட்டேன். "சாம்பல்னு முழுசா எழுத கட்டத்துல இடமில்லடா" என்றார்.

அந்த ஆலையை விரிவாக்கப் போவதாகக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, முன்வரிசை முழுக்க வேனில் வந்து இறங்கியவர்கள், வேலை வேண்டும் என்ற அட்டையோடு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், வேலை வேண்டியதுதானே. நானும் பேசினேன். பன்னிரண்டு நிமிஷம். துருவப் பனிப்பாறை உருகுவதில் ஆரம்பித்து "நீரின்று அமையாது உலகெனின்" என்று குறளில் முடித்தேன். நல்ல கைதட்டல். இரண்டு நிருபர்கள் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அத்தை எனக்கு முன்பே பேசிவிட்டார், இரண்டே நிமிஷம், காலண்டரைத் தூக்கிக் காட்டி. பேசிவிட்டுப் போகவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு, பந்தல் காலியான பிறகு, அதிகாரி ஒருவர் அன்றைய பேச்சுகளின் சுருக்கத்தை வாசித்திருக்கிறார். "பெண்மணி ஒருவர் தூசு குறித்துக் கூறினார்" என்று வந்ததும் அத்தை எழுந்துவிட்டார். "தூசு இல்ல சார், சாம்பல். ஜனவரியிலேருந்து ஆகஸ்ட் வரைக்கும் 41 நாளு. தேதி இருக்கு, எழுதிக்கங்க." மேடையில் இருந்தவர் காலண்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுதச் சொல்லியிருக்கிறார்.

இப்போது பரணில் கிடைத்தது அந்த நடவடிக்கைக் குறிப்பின் நகல். அதில் அத்தைக்கு நாலு வரி, 41 நாளும் இருக்கிறது. என் பன்னிரண்டு நிமிஷத்துக்கும் குறளுக்கும் சேர்த்து ஒரே வரி: "ஒருவர் சுற்றுச்சூழலின் முக்கியத்துவம் பற்றிப் பொதுவாகப் பேசினார்." எத்தனை விருது வாங்கினாலும் என்னைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனம் வரப்போவதில்லை.

இதை உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தைக்குச் சட்டம் தெரியாது, ஆனால் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. 2006-ஆம் வருடத்து ஈ.ஐ.ஏ., அதாவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சொல்வது இது: கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், அந்த மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், கடைசியில் பேசியவற்றின் சுருக்கத்தைக் கூடியிருப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் படித்துக்காட்டி, அதற்கு அப்புறம்தான் கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் கிடையாது. பத்துப் பேர் இருந்தாலும் செல்லும். அப்படியானால் அந்தப் பத்துப் பேர் யார் என்பதுதானே விஷயம்? படித்துக்காட்டும்போது நாம் எங்கே இருக்கிறோம்? டீக்கடையில். இல்லாவிட்டால் பஸ்ஸில், நம் பேச்சை நாமே மெச்சிக்கொண்டு. அனுமதி தரலாமா என்று ஆராய்கிற கமிட்டிக்குப் போவது அந்தக் காகிதம், கைதட்டல் போவதில்லை. நாலு பேர்தான் வருகிறார்கள் என்று அழுகிறீர்களே, கடைசிவரை உட்காருகிற நாலு பேர் என்றால் எனக்குப் போதும், சுகந்தி. சோறு கட்டிக்கொண்டு போங்கள். சுருக்கத்தில் உங்கள் பேச்சைத் தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே எழுந்து சண்டை போடுங்கள்.

தேதி எழுதிவைப்பதும் அப்படித்தான். அனல் மின் நிலையங்கள் விடுகிற கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு வைத்தது, இரண்டு வருடத்தில் செய்துவிடு என்றது. கெடு தள்ளித் தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான ஆலைகளுக்கு அந்தக் கந்தகம் நீக்கும் கருவியே கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை தள்ளிப்போட்டபோதும் காலண்டரில் யாராவது குறித்திருந்தார்களா? நான் குறிக்கவில்லை. அந்த நாட்களில் நான் பனிப்பாறை பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

சோலார் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். சங்கத்தில் பூமி, பேரன் பேத்தி என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். லிப்ட்டுக்கும் மோட்டாருக்கும் வருகிற பொது மீட்டர் பில்லை ஒரு வருடத்துக்கு எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது, அதையும் பக்கத்தில் ஒட்டுங்கள். செயலாளர் கணக்குப் பார்க்கிறவராகத்தான் இருப்பார்.

விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு நான் என்ன சொல்ல? களைப்பாக இருந்தால் இரண்டு மாதம் விடுங்கள். உங்களுக்கு வயதிருக்கிறது. நாடகத்தை மட்டும் நிரந்தரமாக விட்டுவிடலாம்.

எங்கள் ஊர் ஆலையின் விரிவாக்கம் நிற்கவில்லை, நடக்கத்தான் செய்தது. அனுமதிக் கடிதத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய், நிலக்கரி யார்டில் தண்ணீர் தெளிப்பு என்று சில நிபந்தனைகள் இருந்தன. தார்ப்பாய் போடாத லாரியைப் பார்த்தால் அத்தை வாசலில் நின்று நம்பரைக் குறித்துக்கொள்வார். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அந்தக் காலண்டரைக் கொடுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "வருஷம் முடிஞ்சிருச்சுல்ல, பேப்பர்காரன்ட்ட போட்டுட்டேன்" என்றார். சுவரில் புதுக் காலண்டர். ஜனவரி 3-லேயே ஒரு சா.

அன்புடன்